பாதி வழி போதும்

எல்டன் ரிங் என்னும் வீடியோ கேம் விளையாடுகிற நாங்கள் நாலு பேர் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். நான், தக்கலையில் இருக்கும் என் தம்பி, குவைத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் சித்தி மகள், தம்பியோடு கல்லூரியில் படித்த முட்டத்துப் பையன். குழுவில் எழுதுவது குறைவு, குரல் பதிவுதான் ஓடும். "அக்கா, நேத்து ராத்திரி என்ன நடந்துச்சு தெரியுமா" என்று தொடங்கினால் முடிய நேரமாகும். நாகர்கோவிலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் எனக்கு அதுதான் துணை. போன ஓணத்துக்கு முந்தின வாரம் தம்பி ஒரு இணைய வரைபடத்தின் சுட்டியைக் குழுவில் போட்டான். ஆட்டத்தின் மொத்த நிலமும் அதில் இருக்கிறது. குகை, பெட்டி, ஆயுதம், எதிரி என்று எல்லாவற்றுக்கும் ஒரு சின்னக் குறி. எடுத்து முடித்ததை டிக் அடித்துக்கொள்ளலாம். நாங்கள் எல்லோரும் அவனுக்கு நன்றி சொன்னோம். அதற்கப்புறம் குரல் பதிவுகள் குறைந்தன. ஓணம் முடிந்து கொஞ்ச நாளில் நின்றே போயின. யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை, யாரும் விளையாடுவதை நிறுத்தவும் இல்லை. ஆனால் ஒருவருக்கு ஒருவர் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. நாலு பேரும் ஒரே நிலத்தில்தான் திரிகிறோம், முன்பைவிட அதிகமாகக் கண்டுபிடிக்கிறோம், பிறகு ஏன் பேச்சு வற்றியது என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

முன்பு என்ன பேசினோம் என்று பழைய பதிவுகளை எடுத்துக் கேட்டேன். ஆட்டம் தொடங்கும் லிம்கிரேவ் பகுதியில் ஏரிக்கரை இடிபாடுகளுக்கு அடியில், நிலவறையில் இருக்கும் பெட்டியைப் பற்றி இந்த ஆட்டம் ஆடியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திறந்தால் புகை வந்து மூடும். கண் திறந்தால் கேலிட் பகுதியில் ஏதோ ஒரு சுரங்கத்துக்குள் கிடப்போம். அங்கிருந்து வெளியேறும்வரை ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் வரைபடத்தைத் தொட்டு வேறு இடத்துக்குத் தாவவும் முடியாது. சித்தி மகளுக்கு இது நடந்த இரவில் அவள் அனுப்பிய பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. நைட் டூட்டி முடிந்து வந்து விளையாடியிருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் ஆள் தூங்குவதால் குரலை அடக்கிப் பேசுகிறாள். சுரங்கத்துக்குள் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து அந்தச் சிவந்த வானத்தைப் பார்த்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. அப்புறம், "இது எந்த ஊருன்னே தெரியல, ஆனா நான் தப்பிச்சுட்டேன்" என்கிறாள்.

அதே பெட்டியில்தான் முட்டத்துப் பையனும் மாட்டினான். அவன் சொன்ன கதை முற்றிலும் வேறு. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் யாராக இருந்தாலும் வரைபடத்தைத் திறந்து பழைய இடத்துக்குத் தாவிவிடுவார்கள். அவன் தாவவில்லை. வந்த ஊருக்குத் தரை வழியாகவே திரும்ப வேண்டும் என்று தீர்மானித்துக் குதிரையில் ஏறியிருக்கிறான். அந்தப் பகுதியின் வரைபடத் துண்டு கையில் இல்லை, வழியெல்லாம் பெருந்தலை நாய்கள், அழுகல் பிடித்த சதுப்பு. எல்டன் ரிங்கில் எர்ட்ட்ரீ என்னும் பொன்னிற மரம் ஏறக்குறைய எங்கிருந்தும் தெரியும். அதைத் தன் வலது தோளுக்கு நேராக வைத்துக்கொண்டே மேற்கே வந்து சேர்ந்துவிட்டான். "மரம் இருக்கும்போது எனக்கென்ன பயம்க்கா" என்றான். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு பதிவு நான்கைந்து சொற்கள்தான். மிஸ்ட்வுட் காட்டுக்குள் ஒரு கட்டடம் இருக்கிறது, அதற்குள் ஒரு லிஃப்ட். சித்தி மகள் சொன்னது இவ்வளவே: "ஏறு. இறங்கினதும் எனக்குக் கூப்பிடு." நான் ஏறினேன். லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு ஆழம் இந்த ஆட்டத்தில் இருக்க முடியாதே என்று தோன்றின பிறகும் இறங்குகிறது. அடியில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். ஆடியவர்களுக்குத் தெரியும், ஆடாதவர்களுக்கு அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளைக் கூப்பிட்டபோது இங்கே நடுச்சாமம் தாண்டியிருந்தது. "பாத்தியா?" என்றாள். "பாத்தேன்" என்றேன். அதற்கு மேல் ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம், என்ன பேசினோம் என்றே இப்போது நினைவில்லை.

தம்பி போட்ட இணைய வரைபடம் வந்த பிறகு இந்த மாதிரி ஒரு பதிவுகூட வரவில்லை. "அந்தக் குறி 14க்குப் பக்கத்துல இருக்கே, அது எடுத்தாச்சு" என்பதை யாருக்குக் கதையாகச் சொல்வது?

குவைத்திலிருந்து வந்த பதில்

இதை நான் குழுவில் சொன்னபோது தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சித்தி மகள்தான் பதில் போட்டாள், கொஞ்சம் சூடாகவே. "உனக்கு ஞாயித்துக்கெழம முழுசா இருக்கு. எனக்கு டூட்டி முடிஞ்சு, சமைச்சு, அம்மாகிட்டப் பேசி முடிச்சா மிஞ்சுறது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் சும்மா சுத்திட்டு வெறுங்கையோட படுத்தா எனக்கு அழுகைதான் வரும். எனக்கு மேப்பு வேணும்" என்றாள்.

இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, இன்றும் இல்லை. அலைந்து திரிவது இனிமையானதுதான், ஆனால் அதற்கு நேரம் உள்ளவர்களுக்குத்தான் அது கைக்கு எட்டும். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் இரவுகள் எப்படிப்பட்டவை என்று குமரி மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டாம். ஆட்டத்தை உருவாக்கியவர்களும் இந்தக் குறையைக் கேட்டுக்கொண்டவர்கள்தான். வெளியான அடுத்த மாதமே, 2022 மார்ச்சில், நாம் ஏற்கெனவே சந்தித்த பாத்திரங்களின் இடத்தை ஆட்டத்தின் வரைபடத்தில் காட்டும்படி மாற்றினார்கள். அது எனக்கும் உதவியாகத்தான் இருந்தது. ஒரு பாத்திரம் எந்தப் பாழடைந்த மாதா கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று தேடிக்கொண்டே ஒரு மாலையைக் கழிப்பதில் எந்த இன்பமும் இல்லை.

ஆனால் அவள் கேட்டதும் நான் இழந்ததும் ஒன்றல்ல என்று ஏனோ தோன்றிக்கொண்டே இருந்தது. வெறுங்கையோடு படுக்கக் கூடாது என்கிறாள், சரி. அந்த லிஃப்ட்டுக்கு என்னை அனுப்பியதும் அவள்தானே. அன்றைக்கு நான் தேடி அலையவே இல்லை. அவள் சொன்ன இடத்துக்கு நேராகப் போனேன். ஆனாலும் கண்டுபிடித்தது நான்தான். இது எப்படி நடந்தது என்பது எனக்கு அப்போது பிடிபடவில்லை.

மலைக்குப் பின்னால்

இதற்கு முன்னால் நான் இப்படி மூழ்கிக் கிடந்த ஆட்டம் 2017இல் வந்த ஜெல்டா, ப்ரெத் ஆஃப் தி வைல்ட். அதை ஆடும் ஸ்விட்ச் கருவியும் குவைத்திலிருந்து சித்தி மகளின் பெட்டியில் வந்ததுதான். அதன் இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி, ஆட்டத்தின் நிலம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணிக்கத் தனக்குப் பழக்கமான கியோட்டோ நகரத்தின் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தவர். எங்கிருந்து எங்கே நடந்தால் எவ்வளவு நேரமாகும் என்று அவர் காலுக்குத் தெரியும். அந்த ஆண்டு ஜப்பானில் நடந்த ஆட்ட உருவாக்குநர்கள் மாநாட்டில் அந்தக் குழுவினர் இன்னொன்றையும் விளக்கினார்கள். நிலத்தை முக்கோணங்களால் கட்டினார்களாம். பெரிய முக்கோணம் ஒரு மலை, தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். நடுத்தர முக்கோணம் பார்வையை மறைக்கும், பின்னால் என்ன என்று போகத் தோன்றும். சின்னது நடையின் தாளத்தை மாற்றும். முக்கோணம் என்பதால் ஆடுபவர் ஏறுவதா சுற்றிப்போவதா என்று யோசிக்க வேண்டும். சுற்றிப்போனால் மறைந்திருந்தது மெல்ல மெல்ல வெளியே வரும்.

இதைப் படித்தபோது எனக்கு ஆரல்வாய்மொழிப் பாதைதான் கண்ணில் வந்தது. திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வரும்போது கணவாயில் மலைகள் ஒன்றை ஒன்று மறைத்து, விலகி, மறுபடி மறைக்கும். மருந்துவாழ் மலையைக் கொட்டாரம் பக்கம் நின்று பார்த்தால் ஒரு உருவம், நாகர்கோவிலிலிருந்து வரும்போது வேறு உருவம். தக்கலையில் வளர்ந்த எனக்கு வேளிமலைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதுதான் சின்ன வயதின் பெரிய கேள்வி. நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஆட்டங்கள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கிழக்கே மலை, தெற்கே கடல், நடுவில் குளமும் வயலுமாக, எங்கே நின்றாலும் ஏதோ ஒன்று பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் இருக்கும் ஊர் இது.

ப்ரெத் ஆஃப் தி வைல்டில் கோபுரத்தில் ஏறினால் அந்தப் பகுதியின் நில அமைப்பு வரைபடத்தில் வந்துவிடும், ஆனால் அங்கே என்னென்ன இருக்கிறது என்று வராது. மேலே நின்று தொலைநோக்கியால் பார்த்து, நமக்கு எது வேண்டும் என்று தோன்றுகிறதோ அதில் நாமே குறி வைக்க வேண்டும். எல்டன் ரிங்கின் வரைபடமும் கிட்டத்தட்ட இப்படித்தான். இரண்டு ஆட்டங்களிலும் உருவாக்கியவர்கள் ஏதோ ஒரு அளவைக் கவனமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சொல்லலாம், இதற்கு மேல் கூடாது என்று. அந்த அளவு எது என்று எனக்கு முட்டத்தில்தான் தெரிந்தது.

முட்டத்தில் ஒரு ஞாயிறு

குழு தூங்கிவிட்டதே, நேரிலாவது பார்ப்போம் என்று தம்பியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டத்துக்குப் போனோம். பையனின் அம்மா மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து மடிக்கணினியைக் கூடத்துக் கட்டிலில் வைத்து அவன் விளையாட, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் அப்பா தூண்டில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது முழங்கால் வலியால் கடலுக்குப் போவதில்லை. கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தில் சில இடங்களில் ஓவியர் ஒருவரின் பாழடைந்த குடிசை வரும். உள்ளே ஒரு ஓவியம் இருக்கும். எடுத்து வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தக் காட்சியை ஓவியர் எங்கே உட்கார்ந்து வரைந்தாரோ அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே அவருடைய ஆவி உட்கார்ந்திருக்கும், நெருங்கினால் மறைந்துவிடும், நமக்கு ஒரு பொருள் கிடைக்கும். அன்று அவன் கையில் இருந்தது எந்த ஓவியம் என்று சொல்லப்போவதில்லை. அதில் அருகில் ஒரு பொருள் இருந்தது, தூரத்தில் ஒரு பொருள் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, "மேப்புல குறி இருக்குடே, காட்டட்டா?" என்றான். "வேண்டாம் மக்கா" என்று சொல்லிவிட்டு அவன் ஓவியத்தைத் திறந்து பார்த்தான், மூடினான், குதிரையைத் திருப்பினான். அப்புறம் தனக்குத்தானே பேசிக்கொண்டே போனான். "தூரத்துல உள்ளது இங்க இடப்பக்கம் நிக்குது. படத்துல வலப்பக்கம். அப்போ நம்ம இன்னும் வலது கைப் பக்கம் போவணும்." போனான். தூரத்துப் பொருள் நகர்ந்து நகர்ந்து அருகில் உள்ளதைத் தாண்டி வலப்பக்கம் வந்தது. "இப்போ சரி. ஆனா கிட்ட உள்ளது ரொம்பப் பெருசாத் தெரியுது. பின்னால போவணும்." பின்னால் போனான். இடையில் ஒரு மேடு வந்து மறைத்தது. "மறைச்சா எப்படி வரஞ்சிருப்பாரு? அப்போ மேட்டு மேலதான் இருந்திருப்பாரு." ஏறினான். அங்கே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

நான் கைதட்டிவிட்டேன். இவ்வளவு நாள் இந்த ஆட்டத்தை ஆடியும் ஒருவர் இப்படிக் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை. எங்கே படித்தாய் இதை என்று கேட்டேன். அவன் வாய் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து அப்பா, "இது நம்ம பார் பாக்குறதுல்லா" என்றார்.

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைத்தான் இந்தக் கரையில் பார் என்கிறார்கள். அங்கேதான் கலவா போன்ற பெரிய மீன்கள் ஒதுங்கும். மேலே வெறும் தண்ணீர், எந்த அடையாளமும் கிடையாது. கரையில் தெரியும் ஒரு கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒரு மலையின் குறிப்பிட்ட உச்சி வந்து நிற்க வேண்டும், அது ஒரு அடையாளம். வேறொரு பக்கம் பார்த்தால் ஒரு தென்னந்தோப்பின் முனையும் இன்னொரு மலையும் சேர்ந்து நிற்க வேண்டும், அது இரண்டாவது அடையாளம். இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்துகிற இடத்தில் வள்ளத்துக்குக் கீழே பார் இருக்கும். மகனைச் சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போய் இதையெல்லாம் காட்டியிருக்கிறார். இப்போது எல்லோரிடமும் ஜிபிஎஸ் இருக்கிறது, எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இருட்டிலும் மழையிலும் மலை தெரியாத நாட்களில் ஜிபிஎஸ் இல்லாமல் பட்ட கஷ்டம் அவருக்குத் தெரியும்.

நான் அவரிடம், "நீங்க கண்டுபிடிச்ச பாரை மத்தவங்களுக்குச் சொல்லுவீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"சொல்லுவமா? சொல்ல மாட்டோம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நமக்கு வேண்டிய ஆளுன்னா சொல்லுவோம். மச்சானுக்குச் சொல்லிருக்கேன். ஒரு அடையாளம்தான் சொன்னேன். மத்தத அவன் தேடிக்கிட்டான்" என்றார்.

"ஏன் இரண்டும் சொல்லல?"

"ரெண்டும் சொன்னா அது என் பாரு. ஒண்ணு சொன்னா அவன் பாரு."

அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். எனக்கு அந்த லிஃப்ட் ஞாபகம் வந்தது. ஏறு, இறங்கினதும் கூப்பிடு. சித்தி மகள் எனக்குச் சொன்னது ஒரு அடையாளம். இரண்டாவதைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அந்த ஒன்று இல்லாமல் நான் அந்தக் காட்டில் திரிந்துவிட்டுத் திரும்பியிருப்பேன். இரண்டும் கிடைத்திருந்தால் போய், பார்த்து, டிக் அடித்துவிட்டு அடுத்த குறிக்குப் போயிருப்பேன். அன்று ராத்திரி அவளைக் கூப்பிட எனக்குக் காரணமே இருந்திருக்காது.

தெரியாதவர் எழுதிவைத்தது

எல்டன் ரிங்கில் தரையில் மினுங்கும் குறிப்புகளை அதற்கப்புறம் நான் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். உலகில் எங்கோ இருக்கும் இன்னொரு ஆட்டக்காரர் விட்டுச் சென்றவை அவை. இஷ்டத்துக்கு எழுத முடியாது. ஆட்டம் கொடுக்கும் சில வாக்கியச் சட்டங்களில், ஆட்டம் கொடுக்கும் சொற்களை மட்டும்தான் பொருத்தலாம். முன்னால் மறைந்த வழி இருக்கிறது, இங்கே குதித்துப் பார், பின்னால் கவனம் என்று இந்த அளவுதான் சொல்ல முடியும். சில குறிப்புகள் பொய். நம்பிக் குதித்தவர்கள் செத்த இடத்தில் ரத்தக்கறை கிடக்கும், தொட்டால் அவர்களுடைய கடைசி நொடிகள் நிழலாக ஓடும். ஒரு குறிப்பை யாராவது மதிப்பிட்டால், எழுதியவர் எங்கே எந்தச் சண்டையில் இருந்தாலும் அவருடைய உயிர்ப்பட்டி கொஞ்சம் நிரம்பும். ஒரு தடவை சாகும் நிலையில் இருந்தபோது எனக்கு இப்படி உயிர் கூடியது. என்றோ ஒரு பள்ளத்தின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்பு யாருக்கோ அந்த நொடியில் உதவியிருக்கிறது.

இதை யோசித்தவர் எல்டன் ரிங்கின் இயக்குநர் ஹிடெடகா மியாசகி. 2009இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ் ஆட்டத்துக்காக இந்த முறையை உண்டாக்கியபோது அவர் மனதில் இருந்தது ஒரு பனிக்கால நிகழ்ச்சி. மேட்டுச் சாலையில் கடும் பனியில் கார்கள் ஏற முடியாமல் வழுக்கி நின்றுவிட்டன. பின்னால் இருந்த கார் முன்னால் இருந்ததை முட்டித் தள்ள, அதை அடுத்தது தள்ள, ஒருவர் பின் ஒருவராக மேலே ஏறிப் போனார்கள். இவர் முறை வந்து மேலே ஏறிய பிறகு நிறுத்தி நன்றி சொல்ல முடியவில்லை, நிறுத்தினால் மறுபடி சிக்கிக்கொள்வார். தள்ளிவிட்டவர்களை இனிப் பார்க்கவே போவதில்லை என்று அவருக்குத் தோன்றியது. வரிசையில் கடைசியாக நின்றவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்றும் யோசித்தார். அந்த அனுபவம்தான் இந்த முறைக்கு விதை. சின்ன வயதில் தன் வாசிப்புத் திறனுக்கு மீறிய புத்தகங்களை எடுத்து, புரியாத பகுதிகளைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டு படித்தவர் அவர் என்றும் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டு செய்திகளையும் நான் முன்பே படித்திருந்தேன். முட்டத்துக்குப் போய்வந்த பிறகுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. தள்ளிவிடுவது வரைக்கும் அடுத்தவர் வேலை, ஏறுவது நம் வேலை.

குவைத்துக்கு இதையெல்லாம் ஒரு நீளமான பதிவாகப் போட்டேன். அவள் மேப்பைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆயுதத்துக்கான கல், மருந்துக்கான செடி, இவற்றுக்கெல்லாம் அவள் மேப்பைப் பார்க்கட்டும். ஆனால் பெரிய விஷயங்களை ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்வோம், அதுவும் ஒரு அடையாளம் மட்டும், கையில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும்படி சொல்வோம் என்றேன். அப்படிச் சொல்வது சுலபமில்லை. எதைச் சொன்னால் எதிரில் இருப்பவள் போய்ச் சேருவாள், எதை விட்டால் அது அவளுடையதாக இருக்கும் என்று அவளை நினைத்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தம்பிக்குச் சொல்லும் அடையாளம் அவளுக்கு உதவாது. அவன் எதைக் கண்டாலும் சண்டைக்குப் போவான், அவள் உயரமான இடத்தில் ஏறி முதலில் வேடிக்கை பார்ப்பாள். வரைபடத்தில் உள்ள குறி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆடுகிறவர் யாரென்று அதற்குத் தெரியாது.

இப்போது நாங்கள் 2024 ஜூனில் வந்த ஷாடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்னும் தொடர்ச்சிப் பகுதிக்குள் இருக்கிறோம். முட்டத்துப் பையன் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறான். போன வாரம் அவன் எனக்கு ஒரு அடையாளம் அனுப்பினான், நான் அங்கே போனேன், அதைப் பற்றி அவனுக்கு நான் போட்ட பதிவு மட்டும் பதினொரு நிமிடம். சித்தி மகளுக்கும் அதே இடத்துக்கு நான் ஒரு அடையாளம் சொல்லியிருக்கிறேன், அவளுக்கு ஏற்ற மாதிரி வேறொன்று. நேற்று, "இன்னொண்ணையும் சொல்லேன், இந்த மாசம் முழுக்க நைட்டு" என்று கேட்டாள். லீவு நாள் எது என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் அவள் போய்ச் சேரவில்லை என்றால் சொல்லிவிடுவேன்.